யாரோ விற்ற தூக்கம்

மருந்துக்கடை துரைராஜ் தூக்க மாத்திரை அட்டையை நீட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இது கம்பெனி மாத்திரை இல்லக்கா. ஆளுங்க வித்த தூக்கம், அதான் விலை கம்மி. அவங்க கனவும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும், பயந்துறாதீங்க.”

ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துப் பார்த்துத் தூக்கம் செத்துப்போன பிலோமினாவுக்கு, யார் கனவாக இருந்தால் என்ன? கம்பெனி மாத்திரை வாங்கினால் மகளைக் காலேஜை விட்டு நிறுத்த வேண்டியதுதான். காலையில் வேலை முடிந்து வந்ததும் ஒன்றை விழுங்கிப் படுத்தாள்.

கனவில் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தாள். வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டம். மொட்டைத் தலையில் சந்தனம் சில்லென்றிருந்தது. யாரோ ஒருத்தியின் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூட்டம் நெருக்கியது. “அம்மா!” என்று அலறினாள். முந்தானைக்காரி திரும்பினாள்.

அது பிலோமினாவேதான், தலையில் ஒரு நரைகூட இல்லாத பிலோமினா.

பதறி எழுந்தபோது அறையெல்லாம் வெயில். காலேஜுக்குப் போயிருக்க வேண்டிய மகள் ஜெனிட்டா கால்மாட்டில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவே இல்லை.

“நீயாடி வித்த?”

“உனக்குக் கம்பெனி மாத்திரையே வாங்கிடலாம்னுதாம்மா குடுத்தேன். இப்ப கண்ணே மூட மாட்டேங்குது.” ஜெனிட்டா இன்னும் நெருங்கி வந்தாள். “கனவுல நான் என்னம்மா பண்ணேன்? சொல்லேன்.”

சொல்லத்தான் பிலோமினா வாயைத் திறந்தாள். ஆனால் விழுங்கிய தூக்கம் இன்னும் மிச்சமிருந்தது. மகளைப் பார்த்தபடியே கண்கள் செருகின. மொட்டைத் தலையில் சந்தனம் மறுபடி சில்லிட்டது.