குறுக்கே போட்ட நாற்காலி

"யோவ், நாற்காலியை எடுக்கிறியா, இல்ல உன் சீட்டைக் கிழிக்கட்டுமா?"

குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. இன்டர்நெட் கம்பெனி டெக்னீஷியன் பைக்கை ஓரங்கட்டினார்.

சந்தின் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் சட்டமாக உட்கார்ந்திருந்தார் அடுக்குமாடி வாட்ச்மேன். எதிரே புது பீரோ ஏற்றிய லாரி. நடுவில் முகம் சிவக்க நின்றார் இரண்டாம் மாடிக்காரர்.

"நீங்களே கேளுங்க சார்! அரை மணி நேரமா என் பீரோ வண்டியை விடமாட்டேங்கிறான். ஏன்னு கேட்டா ஊமைக்கோட்டான் மாதிரி முழிக்கிறான்."

டெக்னீஷியனுக்கும் அவசரம். அலுவலகத்தில் கண்காணிப்புத் திரையைப் பார்க்கிற பெண் ஏற்கெனவே போனில் விரட்டியிருந்தாள்.

"அண்ணே, அந்த ஃபைபர் கேபிள் பிரிஞ்சு முப்பத்திரண்டு வீட்டுக்குப் போகுது. ஒரு வீட்டுக்கு மட்டும் கேபிளுக்குள்ள நெட்டைக் கொண்டுபோற வெளிச்சம் குறைஞ்சு குறைஞ்சு ஏறுது. அறுந்திருந்தா சுத்தமா நின்னிருக்கும். எங்கேயோ வளையுது. அறுந்து தொலையறதுக்குள்ள ஓடுங்க."

டெக்னீஷியன் நிமிர்ந்து பார்த்தார். சுவர்க் கொக்கி கழன்று, மெல்லிய கறுப்பு கேபிள் சந்தின் மேல் தாழத் தொங்கியது. லாரி நுழைந்திருந்தால் பீரோ அதை வாரிக்கொண்டு போயிருக்கும்.

"ஒரு ஒயர் தொங்குதுன்னு ஊரையே நிறுத்துவானா? கழியால தூக்கிப் பிடிச்சா வண்டி போயிடாதா?" என்றார் மாடிக்காரர்.

"அஞ்சு நிமிஷம் சார். இழுத்துக் கட்டிடறேன்" என்று ஏணியைச் சாய்த்தார் டெக்னீஷியன்.

வாட்ச்மேன் எழுந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கட்டும்போது நெட் போயிடுமா?"

"ஒரு நிமிஷம் போகும், வரும்."

"அப்ப வேணாம். பன்னிரண்டு மணிக்கு மேல கட்டுங்க."

டெக்னீஷியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லாரியும் போகக் கூடாது, நானும் சரிபண்ணக் கூடாது. உங்களுக்கு என்னதான் வேணும்?"

வாட்ச்மேன் மாடிக்காரரை ஒரு பார்வை பார்த்தார். டெக்னீஷியனின் கையைப் பிடித்துச் சுவரோரம் அழைத்துப் போனார்.

"அது அவர் வீட்டு லைன்தான் தம்பி. அவர் பொண்ணு கதவைச் சாத்திக்கிட்டு நெட்டுல வேலைக்கு இன்டர்வியூ கொடுத்துக்கிட்டிருக்கு, பன்னிரண்டு மணிக்குத்தான் முடியும். அவர் வர்றதுக்கு முன்னாடியே கழியால ஒயரைத் தூக்கிப் பார்த்தேன், உடனே நெட் விட்டுப்போச்சு. புள்ளை ஜன்னல்ல எட்டிப் பார்த்து, வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு."

"அதை அவர்கிட்டயே சொல்லலாமே?"

"ஏற்கெனவே மூணு வேலை கை நழுவிப்போச்சு. 'இது கிடைச்சா அப்பாகிட்ட நானே சொல்றேன், அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க அண்ணே'ன்னு சொல்லியிருக்கு. பன்னிரண்டு மணி வரைக்கும் திட்டு வாங்கினா நான் என்ன தேஞ்சா போயிடுவேன்?"

டெக்னீஷியன் திரும்பி வந்தார். ஏணியைத் தூக்கிச் சந்தின் குறுக்கே படுக்கப் போட்டார்.

"சார், பார்த்துட்டேன். ரொம்பப் பெரிய கோளாறு. பன்னிரண்டு மணி வரைக்கும் ஒரு ஈ எறும்பு கூட இந்தப் பக்கம் வரக் கூடாது!"