பதினாறு புள்ளி எட்டு

"ஹீமோகுளோபின் பதினாறு புள்ளி எட்டு," என்று டாக்டர் தாளைப் பார்த்தபடியே சொன்னதும் ட்ரில் மாஸ்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இருபது வருடமாக மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுக்கிறவர், தன் மூச்சை விட மறந்து உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் அந்த லேப் போர்டு செய்த வேலை. தம்பதியாக வந்து ரத்தம் கொடுத்தால் பாதிக் கட்டணம் என்று போட்டிருந்தார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்காகத்தான் ஊசி குத்திக்கிறேன்," என்று மனைவி இழுத்துப் போய்விட்டாள். இரண்டு ரிப்போர்ட்டும் இப்போது டாக்டர் மேசைக்கு வந்திருந்தன.

"ரத்தம் நெறைய இருந்தா நல்லதுதானே டாக்டர்?" மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார்.

"பன்னெண்டுலேர்ந்து பதினஞ்சரைக்குள்ள இருக்கணும். இது ஓவர்."

பதினேழு வரை போகலாம் என்றுதான் மாஸ்டர் காலையில் செல்போனில் படித்திருந்தார். இந்த டாக்டர் மார்க் போடுவதில் கறார் பேர்வழி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"எதனால டாக்டர் ஏறுது?" என்றாள் மனைவி.

"பல காரணம் இருக்கு. நான் முதல்ல கேக்குறது சிகரெட்டைத்தான். ஹீமோகுளோபினை ஒரு பஸ்னு வெச்சுக்குங்க. ஆக்சிஜன் உக்கார வேண்டிய சீட்ல புகை துண்டைப் போட்டு இடம் பிடிச்சிடும், லேசுல எறங்காது. பஸ் பத்தலைன்னு உடம்பு இன்னும் நாலு பஸ்ஸ விடும். அதான் இந்த நம்பர்."

"பக்கத்துல நிக்கிறவங்க விடுற புகை..." என்று மாஸ்டர் நூல் விட்டுப் பார்த்தார்.

"அது இவ்வளவு ஏத்தாது சார். சொந்தமா இழுக்கணும்."

மனைவி கைப்பையின் ஜிப்பைச் சர்ரென்று மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

சிகரெட்டை விட்டுவிட்டதாக மூன்று வருடத்துக்கு முன்பே சத்தியம் செய்திருந்தார் மனுஷன். இன்னொரு தடவை பிடிபட்டால் காவலுக்குத் தன் அம்மாவைக் கொண்டுவந்து நிரந்தரமாக உட்கார வைத்துவிடுவேன் என்று மனைவி அன்றைக்கே சொல்லியிருந்தாள். மாமியார் போன முறை ஒரு வாரம் என்று வந்து ஏழு மாதம் தங்கியவர். டிவி ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்.

"மறைக்காம சொல்லுங்க. ஒரு நாளைக்கு எத்தனை?" டாக்டர் இன்னும் தாளை விட்டுத் தலை நிமிரவில்லை.

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தமே காட்டிக்கொடுத்த பிறகு வாயைப் பொத்தி என்ன ஆகப்போகிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"அஞ்சு," என்றார். "மொட்டை மாடில, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. பரீட்சை சமயத்துல ஆறு."

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மூணு வருஷமா என்கிட்டயே நாடகமா? உங்களை நம்புனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"ஒரே ஒரு சான்ஸ் குடும்மா. நாளைலேர்ந்து தொட மாட்டேன். உங்க அம்மா மட்டும் வேணாம்."

"வந்தே ஆகணும். திருட்டு தம் அடிக்கிறவங்களை எல்லாம் தனியா விட்டா இப்படித்தான்." அவள் அதற்குள் செல்போனைக் காதில் வைத்துவிட்டாள். "அம்மா, பெட்டியக் கட்டு. இங்க ஆள் கையும் களவுமா மாட்டியாச்சு."

டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளின் மேலே இருந்த பெயரை இன்னொரு முறை படித்தார்.

"மேடம், போனை வைங்க. இது உங்க ரிப்போர்ட்."