பதினோராவது கோடு

கணினி விளையாட்டு ஒன்று கடைக்கு வரும் முன் அதில் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. தினமும் காலையில் பழைய பதிவை அழித்துவிட்டு, முதல் கட்டத்தை முதலிலிருந்து ஆடுவாள். பாலத்தில் நாற்பது வேற்றுக்கிரகக் காலாட்கள் வருவார்கள். சாதாரண ஆளுக்குத் தோளில் கோடு கிடையாது. உயர்படை வீரனுக்கு மூன்று, தளபதிக்கு ஐந்து. அதற்கு மேல் பதவி இல்லை.

ஒருவன் மட்டும் ஓடமாட்டான். மற்றவர்கள் பின்வாங்கி முடிக்கும்வரை பாலத்தின் நடுவில் நின்று, அத்தனை குண்டையும் தானே வாங்கிக்கொண்டு விழுவான்.

"ஆளுன்னா இவன்தான்யா ஆளு" என்று மெச்சிக்கொண்டேதான் அவளும் சுடுவாள்.

இன்றுதான் கவனித்தாள்: அவன் தோளில் பதினொரு கோடுகள் இருந்தன. அறிக்கைகளைப் புரட்டினாள். பதினொரு நாள் அவனைச் சுட்டிருந்தாள்.

உருவங்களை வரைகிற பையனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அஞ்சுக்கு மேல நான் வரையவே இல்லையேக்கா! பிழைன்னு எழுதிடுங்க. மத்தியானத்துக்குள்ள விளையாட்டுலேர்ந்து இந்த ஆளையே தூக்கிடுவாங்க."

பையன் போன பிறகு அறிக்கையில் எழுதினாள்: பிழை எதுவும் இல்லை. பொய் எழுதியது இதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் வழக்கம்போல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆரம்பித்தாள். பாலத்தில் யாரும் சுடவில்லை. நாற்பது பேரும் இரண்டு பக்கமும் ஒதுங்கி, விறைப்பாக நின்று வழிவிட்டார்கள். மனித வீரர்களுக்கு இந்த விளையாட்டில் பதவியே கிடையாது. ஆனால் அவள் இயக்கும் வீரன் தோளில் ஒரு கோடு இருந்தது.