செவ்வாழை

கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வேகமாக நடந்தார். வேரில் ஒட்டிய மண் முதுகில் உதிர்ந்துகொண்டே வந்தது.

தம்பி சின்னக்காளை அரிவாளோடு பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தான்.

"செவ்வாழையாண்ணே? பிள்ளைக்குச் செவத்த பொண்ணாத்தான் பாத்திருக்க."

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னான். அவர் சிரிக்கவில்லை.

ஒரு வருஷமாக அவருக்கு ஓரிடத்தில் உட்கார வரவில்லை. அரிசி மில்லில் மூட்டை இல்லாத நேரத்திலும் நடந்துகொண்டே இருப்பார். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். பெண்சாதி ஏனென்று கேட்பதில்லை.

அவளுக்கும் அதேதான்.

அவர்கள் தெருவில் கல்யாணமாகாமல் செத்தவனை அப்படியே புதைக்க மாட்டார்கள். வாழைக்கன்றைப் பெண்ணாக நிறுத்தி, அவன் கையில் வைத்தெடுத்த மஞ்சள் கயிற்றை அதற்குக் கட்டுவார்கள். பிறகு கயிற்றை அறுத்து, கன்றை வெட்டிச் சாய்த்துவிட்டுத்தான் ஆளை எடுப்பார்கள். இல்லாவிட்டால் செத்தவன் வாசல் வாசலாகப் போய் நிற்பானாம்.

மகன் வந்தது ஆணி அடித்த பெட்டியில்.

எல்லைச் சண்டையில் செத்தவன். பெட்டிமேல் கொடி. சுற்றிலும் துப்பாக்கி பிடித்த பையன்கள். எல்லோருக்கும் அவன் வயசுதான் இருக்கும். திறக்கக் கூடாது ஐயா என்று அதிகாரி மெதுவாகத்தான் சொன்னார். மந்திரிக்கு நேரமாகிறது என்று வேறு யாரோ சொன்னார்கள். வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். காக்கையெல்லாம் கலைந்து பறந்தது. அதற்குள் மண்ணைத் தள்ளியாகிவிட்டது.

வாழையைப் பற்றி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அவர் நின்றுவிட்டார்.

இன்றைக்கு வருஷம் திரும்புகிறது.

சமாதியின் தலைமாட்டில் கன்றை நிறுத்தினார். சாய்ந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி சாய்ந்தது. சின்னக்காளை பிடித்துக்கொண்டான். அவர் மஞ்சள் கயிற்றைக் கல்லின் மேல் வைத்து எடுத்தார். கன்றில் சுற்றினார். முடிச்சு விழவில்லை.

"வாழை வேணாம், மாமா."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருப் பெண். மகேஸ்வரி. டவுனில் மருந்துக்கடையில் நிற்கிறவள்.

பெண்கள் இந்த இடத்துக்கு வருவதில்லை. அந்தத் தெருவில் யாரும் இவரை மாமா என்று கூப்பிட்டதும் இல்லை.

அவள் சமாதிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

கடைசி லீவில் மகனுக்குத் தினமும் தலைவலி. தினமும் டவுனுக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தான். அவன் போன பிறகு பார்த்தால், மாத்திரையெல்லாம் பிரிக்காத அட்டையோடு அலமாரியில் கிடந்தது. பெண் பார்க்கட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் அவன் சிரித்தது இப்போது ஞாபகத்துக்கு வந்தது.

அவளுடைய சுடிதார் கழுத்துக்குள் ஒரு மஞ்சள் கயிறு இறங்கியிருந்தது.

சின்னக்காளையும் பார்த்துவிட்டான். முகம் கறுத்தது. நிஜமாகவே அவன் கட்டியதாக இருந்தாலும் ஆள் போய் வருஷமாகிவிட்டது, அறுக்க வேண்டியதை இங்கேயே அறுத்து வைத்துவிட்டு வந்த வழியே போகட்டும், ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றான். அரிவாளைக் கை மாற்றிப் பிடித்தான்.

அவள் கயிற்றைக் கைக்குள் மூடிக்கொண்டாள். பின்னால் நகரவில்லை.

அவர் தம்பி கையிலிருந்து அரிவாளை வாங்கினார்.

குனிந்தார். அதன் நுனியால் தரையைக் கொத்தினார். ஈர மண் வரும்வரை கொத்தினார். கையிலிருந்த கயிற்றைக் குழியில் போட்டு, அதன்மேல் கன்றை வேரோடு வைத்து, மண்ணைத் தள்ளி மிதித்தார்.

கன்று நின்றது.

இடுகாட்டுக்கு வெளியே வந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வாய்க்கால் பாலத்துக்கு. மற்றது டீக்கடை, கோயில், தெருமுழுக்கத் தாண்டி அவர் வீட்டுக்கு.

அவள் பாலத்துப் பக்கம் திரும்பினாள்.

"இப்பிடி வா, தாயி. உங்கத்தை சாப்பிடாமக் கெடக்கா."

அவளை முன்னால் விட்டு நடந்தார்.

டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அரிவாளைக் கொடுண்ணே என்று சின்னக்காளை பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தான்.

அவர் கொடுக்கவில்லை.