சவரிமுத்து பார்த்த அரிவாள்

தன் நினைவு சரிதானா என்று நிருபர் பெனிட்டாவுக்கே சந்தேகம். மீன் சந்தையில் சகாயத்தைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது அவளும் அங்கே இருந்தாள். அவன் வெறுங்கையோடு நின்றான் என்று அன்று அவளே போனில் சொன்னதாக அவள் அக்கா சாதிக்கிறாள். மறுநாள் சாட்சிகள் எல்லோருக்கும் அரசு போட்ட அமைதி ஊசி அவளுக்கும் விழுந்தது. இப்போது அவன் அரிவாளை ஓங்குவதுதான் கண்ணுக்குள் நிற்கிறது. சந்தை முழுக்க அதையே சொன்னது.

கடைசியாக ஊதுபத்தி விற்கும் சவரிமுத்துவிடம் போனாள்.

"அரிவா என்னமா மின்னுச்சு! சட்டை ஒரு நெறமா இருந்துச்சே, அதத்தான் நீலம்னு சொல்லுவாகளா தாயி?"

பெனிட்டா எழுதுவதை நிறுத்தினாள். சவரிமுத்து பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

"அண்ணாச்சி, அது ஊசி காட்டுன பொய். கோர்ட்டுல வந்து சொல்லுங்க. சகாயம் பேரு துலங்கும்."

"பொறந்ததுலேருந்து நான் பாத்தது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்க வந்துட்டியாக்கும்?"

அரிவாளைக் கண்ணால் கண்டதாகச் சவரிமுத்து சத்தியம் செய்தார். நீதிபதி ஏற்றுக்கொண்டார். சுட்ட இன்ஸ்பெக்டருக்குப் பதக்கம் கிடைத்தது. பெனிட்டாவுக்கு இன்னொரு ஊசி போட்டார்கள். ஊசிக்குக் கை நீட்ட மறுத்த சகாயத்தின் அம்மா சிறையில் இருக்கிறாள்.