பஞ்சாபகேசனின் மூக்கு

திவசச் சமையலில், இலைக்கு உட்கார்ந்த பிராமணர்கள் சாப்பிட்டு எழும்வரை யாரும் எதையும் ருசி பார்க்கக் கூடாது. சமையல்காரர் பஞ்சாபகேசன் ஆவியை உள்ளங்கையால் மூக்குப் பக்கம் தள்ளி, "இன்னும் கொஞ்சம் உப்பு" என்பார். தப்பியதே இல்லை. அந்த மூக்கை நம்பித்தான் ஊரே அவரைக் கூப்பிட்டது. மாசியில் வந்த காய்ச்சல் அதை வழித்துக்கொண்டு போனதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

இன்றும் பழக்கத்தில் கை ஆவியைத் தள்ளியது. மற்ற அடுப்புகளை அணைத்துவிட்டு, வீட்டாருக்கான பாயசத்தை மட்டும் கேஸில் விட்டுவிட்டு, கூடத்துக் கதவிடுக்கில் போய் நின்றார். திவசத்தில் சாப்பிடுகிறவர்கள் ருசியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரசம் குடித்தவரின் புருவம் சுருங்கியதா, பிரமையா? நெடுநேரம் பார்த்தும் பிடிபடவில்லை.

திரும்பினால், மழைக்கு ஜன்னல் சாத்திய சமையலறையின் வாசலில் அந்த வீட்டு மருமகள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். 

"பாயசம் அடிப்பிடிச்சுடுத்தாம்மா?"

"மாமா..." என்றவளை இருமல் பிடித்துக்கொண்டது. கையை வேகமாக ஆட்டினாள்.

ஓடிப் போய்ப் பார்த்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. அடிப்பிடிக்கவில்லை. அவருக்கு உயிர் வந்தது.

"பயந்தே போயிட்டேன். ஒரு கொதி வந்தா ஆயிடும்மா" என்று சிரித்தபடி தீப்பெட்டியை எடுத்தார்.