பதிலுக்கு இரண்டு உறுமல்

பொன்னம்மாள் செங்கல்லை வீசியதை எதிர் வீட்டு சாந்தா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

பொடிக்கல் இல்லை. தண்ணீர் டிரம்முக்கு முட்டுக் கொடுத்திருந்த முழுச் செங்கல். பக்கத்து வீட்டுப் பிரசாத்தின் கார் ஷெட் ஜன்னலில் போய் விழுந்தது. கண்ணாடி சிலீரென்று நொறுங்கியது.

அரியலூரில் அந்தத் தெருவுக்கே பழகிப்போன சண்டைதான். பிரசாத் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவன். பழைய எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி வந்ததிலிருந்து கடையில் பாதி நேரம், ஷெட்டில் பாதி நேரம். கோயம்புத்தூரிலிருந்து ஹெடர் என்று ஒன்றை வரவழைத்திருந்தான். இஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகிற நாலு குழாய். வண்டியோடு வந்ததைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் கார் பறக்குமாம்.

பறந்ததோ இல்லையோ, சைலன்சரையும் கழற்றிப் போட்டுவிட்டு அவன் ஸ்டார்ட் செய்து பார்க்கும்போதெல்லாம் தெருவே அதிர்ந்தது.

உடனே பொன்னம்மாள் மதில் பக்கம் வந்து நிற்பாள். "காருக்குக் கொழா மாட்டுறானாம் கொழா. நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்து படுத்த மனுஷன் தூங்க வேணாமாடா?"

சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் குழந்தைவேல், போன வாரம் தூக்கக் கலக்கத்தில் ஓடுகிற பெல்ட்டில் கையைக் கொடுக்கப் போய்விட்டாராம். அதையும் ஊருக்கே கேட்கும்படி சொல்லியிருந்தாள்.

பிரசாத் வாயைத் திறக்க மாட்டான். ஆக்ஸிலரேட்டரை இரண்டு தடவை மிதிப்பான். வ்ரூம், வ்ரூம். அதுதான் அவன் பதில். அவள் இன்னும் கத்துவாள். தெரு சிரிக்கும்.

ஆனால் கல்லெறிவது என்பது வேறு.

அதுவும் இன்றைக்குச் சத்தம் எவ்வளவோ குறைவு. ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டுத்தான் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தான்.

"ஏங்க்கா, இது ஒங்களுக்கே நல்லாருக்கா?" என்றாள் சாந்தா. பிரசாத்தின் அம்மா கல்யாணத்துக்கு ஜெயங்கொண்டம் போயிருக்கிற நேரம் பார்த்து இப்படிச் செய்யலாமா என்று கேட்டாள். டீக்கடை அழகேசன் ஓடிவந்து, போலீசுக்குப் போனால் என்ன ஆகும் தெரியுமா என்று ஆரம்பித்தார்.

பொன்னம்மாள் யாரையும் பார்க்கவில்லை.

"அவன் பதில் சொல்லல," என்றாள்.

"கல்லால அடிச்சா எப்படிக்கா சொல்லுவான்?"

"அதுக்கு முன்னாடியே சொல்லல அழகேசா. மூணு தடவ கத்திட்டேன். ஒரு தடவகூட உறுமல. வண்டி பாட்டுக்கு ஒரே சீரா ஓடுது."

அழகேசன் ஜன்னலருகே போனார். உடைந்த கண்ணாடி வழியாகக் கண்ணைக் கரிக்கும் சூடான காற்று முகத்தில் அடித்தது. உள்ளே, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் தெரிந்தன. அசையவில்லை.

ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, பக்கத்திலேயே இருந்த ஷட்டர் தாழ்ப்பாளை விலக்கினார். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். ஷட்டருக்கு அடியில் இடுக்கு தெரியாமல் சாக்கு திணித்திருந்தது. ஜன்னல் ஓரமெல்லாம் பழைய தலையணைப் பஞ்சு.

பிரசாத்தைத் தெருவுக்கு இழுத்துப் போட்டார்கள். கூப்பிட்டுப் பார்த்தார்கள். கன்னத்தில் தட்டினார்கள். கண் திறக்கவில்லை.

யாரோ போய் இஞ்சினை நிறுத்தினார்கள். பொன்னம்மாள் வீட்டிலிருந்து மத்தியான சீரியலின் பாட்டு மட்டும் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் பொன்னம்மாள்தான்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அடைத்த இடத்தில் வண்டிப் புகை சேர்ந்தால் மயக்கம் வருவதே தெரியாது, இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றார் டாக்டர். சாந்தா பொன்னம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க கத்தலைன்னா இந்நேரம் என்னாயிருக்கும் என்று அழுதாள். வராந்தாவில் நின்ற தெருக்காரர்கள் எல்லோரும் அதையே மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.

பொன்னம்மாள் தலையைக் குனிந்தபடி நின்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து பிரசாத் கண் விழித்தான். அழகேசனுக்கு அடக்க முடியவில்லை.

"ஏம்ப்பா, படிச்சவன்தானே நீ? வண்டி ஓடுறப்ப எவனாவது ஷெட்டை இப்படி அடைப்பானா?"

முகத்தில் வைத்திருந்த மாஸ்க்கைப் பிரசாத் கொஞ்சம் விலக்கினான். குரல் எழும்பவில்லை.

"ஹெடர் மாட்டி முடிச்சுட்டேன்... புகை எங்கயாச்சும் கசியுதான்னு ஓடவிட்டுத்தான் பாக்கணும். ரெண்டு நிமிஷந்தானேன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கினான். "போன வாரம் பெரியப்பா பெல்ட்டுல கை குடுக்கப் பாத்தாருன்னு பெரியம்மா சொன்னதுலேருந்து மனசே கேக்கல. அதான் சத்தம் வெளிய வராம..."



அவன் கண்கள் பொன்னம்மாளைத் தேடிப் பிடித்தன.

"பெரியப்பா முழிச்சுட்டாரா பெரியம்மா?"

பொன்னம்மாள் கட்டிலின் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"இல்லய்யா. நல்லாத் தூங்குறாரு. ஒரு சத்தமும் கேக்கல."

குழந்தைவேலுக்கு இந்தத் திங்கட்கிழமையிலிருந்தே பகல் ஷிஃப்ட். காலையிலேயே ஆலைக்குப் போயிருந்தார்.